கதிரியக்கம்: பயப்படும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



ஆயர் ஈத்தாம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது சாலையோரப் பானைக் கடைகள். அந்த ஊரில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் படிவம் 3 பிள்ளைகளுக்கு நான் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு வெள்ளைப் பலகை, சில மடக்கு மேசைகள், இரண்டு மின்விசிறிகள். பதினான்கு பேர் வருவார்கள். மழை பெய்தால் ஒன்பது பேர்.

சென்ற ஆண்டு 8-ஆம் பாடத்துக்கு வந்தோம். கதிரியக்கம். பள்ளிப் புத்தகத்தில் ‘கெராடியோஅக்திஃபான்’ என்று இருக்குமே, அதே பாடம்தான். பரீட்சை நெருங்கிவிட்டது, நேரமும் இல்லை. அவசரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்: “கதிரியக்கப் பொருள்னா விஷம் மாதிரி. கிட்டப் போகக்கூடாது. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.”

வகுப்பு முடிந்து எல்லாரும் அன்னதானத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு மாணவி மட்டும் பையை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணா, அம்மாவுக்குத் தைராய்டுல புற்றுநோய். ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. அடுத்த மாசம் ஜொகூர் பாருல ஒரு மாத்திரை தரப் போறாங்க. ரேடியோஆக்டிவ் மாத்திரை. அதைச் சாப்பிட்டா அம்மாவும் விஷமாயிடுவாங்களா?”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளே தொடர்ந்தாள்.

“பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அது செர்னோபில் மாதிரின்னு சொல்லிட்டாங்க. தம்பிக்கு நாலு வயசுதான். எங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்து அம்மா அந்த மாத்திரையே வேணாங்கிறாங்க.”

பாடம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையின் பயத்தில் பாதி நான் சொன்ன வார்த்தையால் வந்தது. அடுத்த ஞாயிறு ‘விஷம் மாதிரி’ என்பதைப் பலகையில் எழுதி, குறுக்கே கோடு போட்டுவிட்டு, பாடத்தை முதலிலிருந்து தொடங்கினேன். அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பரீட்சைக்கும் உதவும், வீட்டுக்கும் உதவும்.

பானையிலிருந்து அணுவுக்கு

எங்கள் ஊர்ப் பானை ஒன்றை உடைத்துக்கொண்டே போங்கள். ஓடு, துண்டு, தூள், அதைவிடப் பொடி. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போன பிறகும் உடைத்தால், கடைசியில் சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் என்று தனித்தனி அணுக்கள் கிடைக்கும். ஒரு தனிமம் அந்தத் தனிமமாகவே இருக்கும் மிகச் சிறிய துண்டுதான் அணு.

‘அணு’ என்ற சொல் நமக்குப் பழையது. வைசேஷிகத் தத்துவத்தைச் சொன்ன கணாதர், பொருளைப் பிரித்துக்கொண்டே போனால் இனிமேல் பிரிக்க முடியாத பரமாணு வரும் என்றார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டால்டனும் அணுவைப் பிரிக்க முடியாது என்றுதான் நினைத்தார். கணாதர் சிந்தித்துச் சொன்னார். டால்டன் எடை போட்டுப் பார்த்துச் சொன்னார். ஆனால் இன்று நாம் படிக்கும் அணு பிரியும். ஆகவே “எல்லாம் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்” என்று பரீட்சைத் தாளில் எழுதிவிடாதீர்கள். முன்னோர் கேட்ட கேள்வியை மதிப்பது என்றால், அந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்பதுதான்.

1897-இல் தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தார். அணுவுக்குள்ளே வேறு துண்டுகள் இருப்பது தெரிந்தது. பிறகு மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில், மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். பெரும்பாலானவை ஒன்றுமே இல்லாதது போல நேராகப் போய்விட்டன. ஆயிரக்கணக்கில் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. 1911-இல் ரதர்ஃபோர்டு சொன்ன முடிவு இது: அணுவில் பெரும்பகுதி வெற்றிடம், அதன் எடையெல்லாம் நடுவில் ஒரு சின்னக் கருவில் இருக்கிறது. எவ்வளவு சின்னது? அணுக்கருவை ஒரு கடுகு என்று வைத்துக்கொண்டால், அணு ஒரு காற்பந்துத் திடல் அளவு இருக்கும்.

கருவில் இரண்டு வகைத் துகள்கள் உண்டு. நேர்மின்னூட்டம் உள்ள புரோட்டான் ஒன்று. மின்னூட்டம் இல்லாத நியூட்ரான் இன்னொன்று. இதை 1932-இல் சாட்விக் கண்டுபிடித்தார். கருவுக்கு வெளியே எதிர்மின்னூட்டம் உள்ள எலெக்ட்ரான்கள் இருக்கின்றன.

இங்கே இரண்டு விஷயங்களை அழுத்தமாக மனதில் வையுங்கள்.

ஒன்று: புரோட்டான் எண்ணிக்கைதான் அணுவின் அடையாள அட்டை எண். 53 புரோட்டான் இருந்தால் அது அயோடின். 54 இருந்தால் செனான். நியூட்ரான் கூடலாம், குறையலாம், பெயர் மாறாது. கடல் மீனிலும் உப்பிலும் நாம் சாப்பிடும் சாதாரண அயோடினில் 53 புரோட்டான், 74 நியூட்ரான். இரண்டையும் கூட்டினால் 127. அதனால் அது அயோடின்-127. அந்த அம்மாவின் மாத்திரையில் இருப்பது 53 புரோட்டான், 78 நியூட்ரான். கூட்டினால் 131. அது அயோடின்-131. இப்படி ஒரே தனிமமாக இருந்து நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடுபவை ஐசோடோப்புகள்.

இரண்டு: வேதியியல் முழுக்க எலெக்ட்ரான்களின் வேலை, கதிரியக்கம் கருவின் வேலை. 127, 131 இரண்டிலும் எலெக்ட்ரான் 53தான். ஆகவே நம் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். தைராய்டு சுரப்பி அயோடினை எங்கே கண்டாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். கருவில் நான்கு நியூட்ரான் கூடுதலாக இருப்பது அதற்குத் தெரியாது. அந்தச் சிகிச்சை நடப்பதே இந்த ஒரு காரணத்தால்தான்.

கரு ஏன் மாறுகிறது?

புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும். எல்லாமே நேர்மின்னூட்டம் அல்லவா? அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது, கருவுக்குள் மட்டும் வேலை செய்யும் ஒரு வலுவான விசை. புரோட்டானும் நியூட்ரானும் சரியான விகிதத்தில் இருந்தால் கரு அமைதியாக இருக்கும். விகிதம் தப்பினாலோ, கரு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலோ, அது எதையாவது வெளியே தள்ளி அமைதியைத் தேடும். அந்தத் தள்ளல்தான் கதிரியக்கம். யாரும் தூண்ட வேண்டியதில்லை. சூடாக்கினாலும் குளிர வைத்தாலும் நிற்காது.

1896-இல் பாரிஸில் பெக்கரெல் இதை முதலில் கண்டார். யுரேனிய உப்பை ஒரு புகைப்படத் தகட்டோடு இழுப்பறையில் வைத்திருந்தார். வெயிலே படாமல் தகட்டில் தடம் விழுந்திருந்தது. 1898-இல் மேரி கியூரி இதற்கு ‘ரேடியோஆக்டிவிட்டி’ என்று பெயர் வைத்தார். கணவர் பியரோடு சேர்ந்து பொலோனியம், ரேடியம் என்ற இரண்டு தனிமங்களைக் கண்டார். அவர் எழுதிய குறிப்பேடுகளில் இன்றும் ரேடியம் இருப்பதால் அவற்றை ஈயப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஏன் இன்னும் இருக்கிறது என்பதற்கு மூன்றாம் கேள்வியில் விடை வரும்.

முதல் கேள்வி: என்ன கதிர்?

ஆல்ஃபா: 2 புரோட்டானும் 2 நியூட்ரானும் சேர்ந்த கட்டி. கனமானது, அதனால் தூரம் போகாது. ஒரு தாள் தடுத்துவிடும். நம் தோலின் மேற்பகுதியே தடுத்துவிடும். ஆனால் ஆல்ஃபா விடும் பொருளை மூச்சில் இழுத்தாலோ விழுங்கினாலோ ஆபத்து. உள்ளே தடுக்கத் தோல் இல்லை.

பீட்டா: கருவிலிருந்து வேகமாக வரும் எலெக்ட்ரான். கருவில் எலெக்ட்ரானே இல்லையே என்று கேட்பீர்கள். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது இது பிறக்கிறது. சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு தடுக்கும்.

காமா: துகள் இல்லை. ஒளியைப் போன்ற அலை, ஆனால் ஆற்றல் மிக அதிகம். உடம்பையும் ஊடுருவிப் போகும். குறைக்க வேண்டுமானால் ஈயமோ தடித்த கான்கிரீட்டோ வேண்டும்.

அயோடின்-131 பீட்டாவும் காமாவும் விடும். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுவதால் 53 என்பது 54 ஆகிறது. அடையாள அட்டை எண் மாறிவிட்டது. அயோடின் செனான் வாயு ஆகிவிட்டது. அதன் பீட்டா, சதைக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. தைராய்டு செல்லுக்குள் புகுந்து, அங்கேயே அதை அழிக்கும். ஆபரேஷனில் கத்திக்கு எட்டாத செல்களைத் தேடிப் போய் அழிப்பது இந்தப் பீட்டாதான். காமா வெளியே வரும். அதை வைத்து, மருந்து உடம்பில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று மருத்துவர்கள் படம் எடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவர்மேல் படுவதும் இந்தக் காமாதான்.

இந்த இடத்தில் அவள் கை தூக்கினாள். “அப்போ அம்மா பக்கத்துல இருந்தா நானும் ரேடியோஆக்டிவ் ஆயிடுவேனா?”

நல்ல கேள்வி. டார்ச்லைட் வெளிச்சம் உன்மேல் பட்டால் நீ டார்ச்லைட் ஆகிவிடுவாயா? மாட்டாய். இந்தக் காமா பட்டதால் யாரும் கதிரியக்கப் பொருள் ஆவதில்லை. ஆனால் குங்குமத் தட்டைத் தொட்டால் கையில் ஒட்டும் அல்லவா? அது வேறு விஷயம். சிறுநீர், வியர்வை, எச்சில் வழியாக அந்த அயோடின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அது நம் கையில் ஒட்டி, வாய்க்குள் போகக்கூடாது. கதிர் படுவது ஒன்று, பொருள் ஒட்டுவது இன்னொன்று. செய்தித்தாள் படிக்கும்போதும் இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு?

இரண்டு அலகுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நொடியில் ஒரு கரு மாறினால் அது 1 பெக்கரெல். அந்தக் கதிரால் உடம்புக்கு எவ்வளவு பாதிப்பு என்பதைச் சொல்வது சீவர்ட். உறுமி மேளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு எத்தனை அடி என்பது பெக்கரெல். உங்கள் காதுக்கு அது எவ்வளவு என்பது சீவர்ட். மேளக்காரர் பக்கத்தில் நின்றால் ஒரு கணக்கு, கோயில் வாசலுக்கு வெளியே நின்றால் வேறு கணக்கு. அடி ஒன்றுதான்.

பெக்கரெல் எண்ணிக்கை பெரிதாக இருந்தாலே பயந்துவிடாதீர்கள். பூசையில் தரும் வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது. எல்லாப் பொட்டாசியத்திலும் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க ஐசோடோப்பு மிகச் சிறிய அளவில் உண்டு. வளர்ந்த ஒருவர் உடம்பில் அதனால் மட்டும் நொடிக்கு ஏறக்குறைய 4,000 கருக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனும் கதிரியக்கம் உள்ளவன்தான். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் இயற்கையாகவே கிடைக்கிறது.

இப்போது மாத்திரை. தைராய்டு புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு தரும் அளவுகளில் ஒன்று 370 கோடி பெக்கரெல். வகுப்பே “வாவ்” என்றது. அதன் எடை எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் ஒரு பங்குக்கும் குறைவு. இது சின்ன அளவு இல்லை. செல்லைக் கொல்வதற்காகவே தரும் அளவு. அதனால்தான் விதிகள் இருக்கின்றன. விதியின் அடிப்படை மூன்று சொற்கள்: நேரம், தூரம், தடுப்பு. பக்கத்தில் இருக்கும் நேரத்தைக் குறை. தூரத்தைக் கூட்டு. நடுவில் தடுப்பு வை. தூரம் இரண்டு மடங்கானால் உன்மேல் படுவது நான்கில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு.

மூன்றாம் கேள்வி: எத்தனை நாள்?

ஒரே ஒரு கரு எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கில் இருக்கும்போது, அதில் பாதி மாற எவ்வளவு காலம் ஆகும் என்று துல்லியமாகச் சொல்லலாம். அதுதான் அரை ஆயுள். பள்ளியில் ‘செப்பாரோ ஹயாட்’ என்று படிப்பீர்கள்.

மண்டபத்தில் செய்து பார்த்தோம். 64 சில்லறைக் காசுகள். குலுக்கிப் போட்டு, பூ விழுந்ததை எல்லாம் எடுத்துவிட வேண்டும். முதல் முறை 34 மிச்சம். பிறகு 16. பிறகு 9. பிறகு 4. எந்தக் காசு போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பாதி போய்விடும். வீட்டில் செய்து பாருங்கள்; ஒரு முறை செய்தால் மறக்காது.

அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள். கணக்கைப் போடுவோம்.

தொடக்கத்தில்: 370 கோடி பெக்கரெல்
8 நாளில்: 185 கோடி
16 நாளில்: 92.5 கோடி
24 நாளில்: 46.25 கோடி
32 நாளில்: சுமார் 23 கோடி
80 நாளில், அதாவது 10 அரை ஆயுளில்: சுமார் 36 லட்சம். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இது புட்டியில் மூடி வைத்தால் வரும் கணக்கு. உடம்பில் இன்னும் வேகமாகக் குறையும். தைராய்டை எடுத்தவர்களுக்குப் பெரும்பகுதி அயோடின் முதல் சில நாட்களிலேயே சிறுநீரில் போய்விடும். அதனால்தான் முதல் ஓரிரு நாள் தனி அறையில் வைத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள்.

மற்றவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புற்றுநோய்க் கதிர் சிகிச்சைக்குப் பயன்படும் கோபால்ட்-60: சுமார் 5.3 ஆண்டு. பழைய எலும்பு, மரத்தின் வயதைக் கண்டுபிடிக்க உதவும் கார்பன்-14: சுமார் 5,730 ஆண்டு. மேரி கியூரியின் குறிப்பேட்டில் இருக்கும் ரேடியம்-226: சுமார் 1,600 ஆண்டு. 1898-லிருந்து இன்றுவரை ஒரு அரை ஆயுள்கூட முடியவில்லை.

ஆன்ட்டி சொன்ன செர்னோபில்

அந்த ஆன்ட்டியைக் கேலி செய்ய வேண்டாம். 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணுமின் நிலையம் வெடித்தபோது வெளியே வந்தவற்றில் இதே அயோடின்-131 இருந்தது. அது புல்லில் விழுந்தது. புல்லை மாடு மேய்ந்தது. பால் வழியாகப் பிள்ளைகளின் உடம்புக்குள் போனது. அவர்களுடைய நல்ல தைராய்டு அதை இழுத்து வைத்துக்கொண்டது. பிற்காலத்தில் அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது.

ஒரே கரு. ஒரு இடத்தில் நோயைக் கொடுத்தது, இன்னொரு இடத்தில் நோயை அழிக்கிறது. எப்படி? முன்னதில், கெட வேண்டாத சுரப்பிக்குள், யாரும் அளக்காமல் போனது. பின்னதில், அழிய வேண்டிய செல்லுக்குள், அளந்து கொடுக்கிறார்கள். ‘விஷமா, மருந்தா’ என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால்தான் சொல்ல முடியும். நாலு வயசுத் தம்பியைச் சில நாள் தள்ளி வைக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். அவன் தைராய்டு நல்ல தைராய்டு.

நம் நாட்டுக் கதை: புக்கிட் மேரா

மூன்றாம் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வெள்ளீயம் தோண்டிய பிறகு மிஞ்சும் கனமான மணலை ‘ஆமாங்’ என்பார்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலிருந்து அரிய மண் தனிமங்களை எடுக்கலாம்; கூடவே தோரியமும் வரும். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இதே மோனசைட்தான். அந்தக் காலத்துக் காஸ் விளக்குகளுக்குள் வெள்ளையாக ஒளிரும் வலைக்கும் தோரியத்தைப் பயன்படுத்தினார்கள். எஸ்டேட் திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

பேராக்கில் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில், ஏசியன் ரேர் எர்த் என்ற ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் இருந்தது. கழிவை எங்கே வைப்பது என்பதே பெரிய போராட்டம் ஆனது. பாப்பான் வட்டார மக்கள் எதிர்த்தார்கள். 1985-இல் புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் போனார்கள். பிள்ளைகளின் நோய்களுக்கு ஆலைதான் காரணம் என்றார்கள், ஆலை மறுத்தது. 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. பிறகு கழிவுகளைப் புக்கிட் கிளெடாங்கில் புதைத்தார்கள்.

மூன்று கேள்வியையும் இங்கே கேளுங்கள். என்ன கதிர்? தோரியம்-232 விடுவது ஆல்ஃபா. வெளியே தாள் தடுக்கும். தூசியாக மூச்சில் போனால் ஆபத்து. எவ்வளவு? ஒரு கிராம் தோரியம்-232-இல் நொடிக்குச் சுமார் 4,000 கருக்கள்தான் மாறும். உங்கள் உடம்பின் பொட்டாசியம் அளவுதான். அந்த ஒரு மாத்திரையின் எண்ணிக்கையை எட்ட ஏறக்குறைய 900 கிலோ தோரியம் வேண்டும். எத்தனை நாள்? அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. பூமியின் வயதே சுமார் 454 கோடி ஆண்டுதான்.

இங்கேதான் பல மாணவர்கள் குழம்புவார்கள். அரை ஆயுள் நீளமாக இருந்தால் கதிர் வேகமாக வரும் என்று நினைப்பார்கள். தலைகீழ். நீளமான அரை ஆயுள் என்றால் மெதுவாக மாறுகிறது. ஒரு கிராமுக்குக் குறைவான கதிர். ஆனால் காத்திருந்தால் போய்விடும் என்ற பேச்சே இல்லை. அயோடினுக்குப் பதில் நாட்காட்டி. தோரியக் கழிவுக்குப் பதில், அதைச் சிதறவிடாமல் அடைத்துக் காக்கும் பொறுப்பு. அதுவும் நம் பேரப்பிள்ளைகளையும் தாண்டி. புக்கிட் மேரா மக்கள் கேட்டதும் அந்தப் பொறுப்பைத்தான். நாளை உங்கள் ஊருக்கு ஒரு ஆலை வந்தால், நீங்களும் கூச்சல் போடாமல், பயந்து ஓடாமல், இந்த மூன்று கேள்வியைக் கேட்க வேண்டும். பதிலை எண்ணாகக் கேட்க வேண்டும்.

அம்மா கேட்டது

அன்று அவள் கணக்குத் தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு அம்மாவே மண்டபத்துக்கு வந்தார். கழுத்தில் தழும்பு ஆறியிருந்தது.

“தம்பி, என் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொல்றீங்களா?”

“அக்கா, நான் டாக்டர் இல்லை. டாக்டர் சொல்ற விதியைச் சரியா பிடிச்சா, பிள்ளைங்கமேல படுறதை ரொம்பக் கம்மியாக்கலாம். அதுக்குத்தான் அந்த விதி. நீங்க மூணே கேள்வி கேளுங்க: எத்தனை நாள் தனியா படுக்கணும், எவ்வளவு தூரம் தள்ளி இருக்கணும், சின்னவனை எப்போ தூக்கலாம். எழுதி வாங்கிக்குங்க.”

கேட்டு எழுதி வந்தார். சிகிச்சைக்கு முன் அயோடின் குறைந்த உணவு; நெத்திலி, பெலாச்சான், அயோடின் சேர்த்த உப்பு எதுவும் கூடாது. தைராய்டு செல்லைப் பட்டினி போட்டால்தான் மருந்தைப் பசியோடு இழுக்கும். வீட்டுக்கு வந்த பிறகு தனிப் படுக்கை, தனித் துண்டு, தனித் தட்டு. கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். நாள் எண்ணிக்கை ஆளுக்கு ஆள், அளவுக்கு அளவு மாறும். ஆகவே அவருக்குச் சொன்ன எண்ணை நான் இங்கே எழுதவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை என்றால், உங்கள் மருத்துவர் சொல்லும் எண்தான் உங்கள் எண்.

அம்மா போனார், மாத்திரையைச் சாப்பிட்டார், திரும்பி வந்தார். சின்னவன் குளுவாங்கில் பாட்டி வீட்டில் இருந்தான். இவள் வீட்டிலேயே இருந்தாள். கூடத்தின் அந்தப் பக்கம் அம்மா நாற்காலி, இந்தப் பக்கம் இவள் நாற்காலி. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் மிச்சம் எவ்வளவு என்று எழுதினாளாம். டாக்டர் குறித்த நாள் வந்ததும் கணக்கை நிறுத்திவிட்டாள். “அதுக்கப்புறம் கணக்கு எதுக்கு அண்ணா, கட்டிப் பிடிச்சாச்சே” என்றாள்.

நீங்கள் செய்து பார்க்க

1. தோரியம்-232-இல் 90 புரோட்டான். நியூட்ரான் எத்தனை?

2. அது ஒரு ஆல்ஃபாவை விட்டால் வரும் கருவின் புரோட்டான் எண், நிறை எண் என்ன?

3. தோரியம்-232 பல படிகள் மாறி, கடைசியில் ஈயம்-208 ஆகிறது. ஈயத்தின் புரோட்டான் எண் 82. மொத்தம் எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா?

4. ஒரு புட்டியில் 800 கோடி பெக்கரெல் அயோடின்-131 இருக்கிறது. 40 நாள் கழித்து எவ்வளவு?

5. ஒருவர் 1 மீட்டர் தூரத்திலிருந்து 4 மீட்டருக்குத் தள்ளிப் போகிறார். அவர்மேல் படும் காமா எத்தனையில் ஒரு பங்காகும்?

விடைகள்: (1) 142. (2) 88, 228, அது ரேடியம். (3) நிறை எண் 24 குறைந்திருக்கிறது. ஒரு ஆல்ஃபாவுக்கு 4, ஆகவே 6 ஆல்ஃபா. ஆறு ஆல்ஃபாவில் 12 புரோட்டான் போனால் 78. 82 ஆக வேண்டுமானால் 4 பீட்டா. (4) 5 அரை ஆயுள், 25 கோடி. (5) 16-இல் ஒரு பங்கு.

மூன்றாவது கணக்கைத் தானாகப் போட்டவர்கள் படிவம் 5 இயற்பியலின் அணுக்கரு பாடத்துக்கு இப்போதே தயார். பாங்கியில் 1982-லிருந்து ஓர் ஆய்வு அணு உலை இயங்குகிறது. மருத்துவமனைகளில் அணு மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. மருத்துவ இயற்பியல் என்று ஒரு படிப்பே இருக்கிறது. அந்த வேலைகளில் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும்.

என் வெள்ளைப் பலகையில் இப்போது 8-ஆம் பாடம் வந்தால் முதல் வரியாக இதைத்தான் எழுதுகிறேன்: என்ன கதிர், எவ்வளவு, எத்தனை நாள்.